புல்பப் துப்பாக்கியும் மரபுவழித் துப்பாக்கியும்

புல்பப் என்பது, தோட்டா வெடிக்கும் அறை, போல்ட், மேகசின் ஆகியவை விசைக்குப் பின்னால் அமைந்திருக்கும் துப்பாக்கி வடிவமைப்பு ஆகும். மரபுவழித் துப்பாக்கிகளில் இப்பகுதிகள் அனைத்தும் விசைக்கு முன்னால் அமைந்திருக்கும். இந்த ஒரு மாற்றத்தினால், குழலின் நீளத்தைக் குறைக்காமலேயே துப்பாக்கியின் மொத்த நீளத்தை ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை குறைக்க முடிகின்றது. அதே மாற்றம் விசையின் தன்மை, மேகசினை மாற்றும் முறை, இடது தோளிலிருந்து சுடும் வசதி, தோள்கட்டையின் அளவு ஆகியவற்றில் புதிய சிக்கல்களையும் தோற்றுவிக்கின்றது.

1970களின் இறுதியிலிருந்து ஆஸ்திரியா, பிரான்சு, ஐக்கிய இராச்சியம், ஆத்திரேலியா, சீனா, சிங்கப்பூர், இசுரேல் முதலிய நாடுகள் புல்பப் துப்பாக்கிகளைத் தம் படைகளுக்கு வழங்கின. இவற்றுள் பிரான்சு, சீனா ஆகியவை 2010களில் மரபுவழி வடிவத்துக்குத் திரும்பின. இரு வடிவங்களில் எது சிறந்தது என்பது படைத்துறையினரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படும் ஒன்றாகும்.

பெயர்

புல்பப் என்னும் ஆங்கிலச் சொல் புல்டாக் இன நாய்க்குட்டியைக் குறிப்பது. குட்டையாகவும் பருமனாகவும் இருந்தாலும் வலிமை குன்றாத தோற்றத்தினால் இப்பெயர் துப்பாக்கிக்கு வந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லாமையால் இக்கட்டுரையில் புல்பப் என்றே குறிப்பிடப்படுகின்றது.

அடிப்படை அமைப்பு

தானாகத் தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் எந்தத் துப்பாக்கியும் சில பொதுவான பகுதிகளைக் கொண்டது. தோட்டா வைக்கப்படும் அறை குழலின் பின்முனையில் உள்ளது. அவ்வறையைப் பின்புறமிருந்து அடைத்து நிற்பது போல்ட். விசையை இழுத்ததும் சுத்தியல் விடுபட்டு, போல்ட்டினுள் இருக்கும் ஊசியைத் தட்டுகின்றது. ஊசி தோட்டாவின் அடிப்பகுதியைத் தாக்க, உள்ளிருக்கும் வெடிமருந்து எரிந்து வளிமமாகிக் குண்டைக் குழல் வழியே தள்ளுகின்றது. பின்னர் போல்ட் பின்னோக்கி நகர்ந்து, வெற்றுத் தோட்டா உறையை வெளியே எறிகின்றது. திரும்பி முன்னோக்கி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்து அறைக்குள் தள்ளுகின்றது.

மரபுவழித் துப்பாக்கியில் இவை யாவும் விசைக்கு முன்னும் மேலும் நடைபெறுகின்றன. விசைக்குப் பின்னால் இருப்பது தோளில் பொருத்தும் கட்டை மட்டுமே. சுடுபவரின் தோளுக்கும் விரலுக்கும் இடையே இயற்கையாகவே ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் இடைவெளி தேவைப்படுவதால், கட்டை இல்லாமல் செய்ய முடியாது. ஆனால் அந்த நீளம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றது. இந்த வெற்றிடத்துக்குள் போல்ட்டையும் மேகசினையும் கொண்டு சென்றால் என்ன என்னும் கேள்விக்கான விடையே புல்பப் வடிவம் ஆகும்.

எல்லா மரபுவழித் துப்பாக்கிகளிலும் கட்டை வெறுமையாக இருப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் எம்16 துப்பாக்கியில், பின்னோக்கி வரும் போல்ட்டைத் தாங்கும் சுருள்வில் கட்டையினுள் உள்ள ஒரு குழாயில் அமைந்துள்ளது. இதனாலேயே எம்16 வகைத் துப்பாக்கிகளின் கட்டையை வழக்கமான முறையில் மடிக்க இயலாது. ஏகே-47 வகையில் சுருள்வில் போல்ட்டுக்குப் பின்னால் உலோகப் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுவதால் கட்டையை மடிக்க முடிகின்றது.

குழல் நீளத்தின் முக்கியத்துவம்

துப்பாக்கியைக் குட்டையாக்க மிக எளிய வழி குழலை வெட்டிக் குறைப்பதே. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வெடிமருந்து வளிமம் குழலுக்குள் குண்டைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பதால், குழல் நீளமாக இருந்தால் குண்டின் வேகம் கூடும். இக்கூடுதல் ஒரே சீராக இருப்பதில்லை. வளிமம் விரிய விரிய அழுத்தம் தணிவதால், ஒவ்வொரு கூடுதல் சென்டிமீட்டரும் முந்தையதை விடக் குறைந்த பயனையே தரும்.

நேட்டோ நாடுகள் பயன்படுத்தும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 508 மில்லிமீட்டர் குழலிலிருந்து வெளிவரும் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 940 மீட்டர் வேகத்தில் செல்கின்றது. எம்4 துப்பாக்கியின் 368 மில்லிமீட்டர் குழலில் இது ஏறத்தாழ 880 மீட்டராகக் குறைகின்றது. வேகத்தில் இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், ஆற்றலில் ஏறத்தாழ 12 விழுக்காடு இழப்பு ஏற்படுகின்றது. 5.56 மில்லிமீட்டர் குண்டு 4 கிராம் எடையே கொண்ட சிறிய குண்டு. அதன் செயல்திறன் பெரும்பாலும் வேகத்தையே நம்பியிருப்பதால், தொலைவு கூடும்போது இவ்விழப்பு மேலும் முக்கியமாகின்றது.

குழலில் எரிந்து முடியாத வெடிமருந்து வெளியே வந்து எரிவதால், குட்டைக் குழல்களில் ஒளிப்பிழம்பும் ஓசையும் கூடுதலாக இருக்கும்.

நீள ஒப்பீடு

சில துப்பாக்கிகளின் குழல் நீளமும் மொத்த நீளமும் மில்லிமீட்டரில் கீழே தரப்பட்டுள்ளன.

- எம்16ஏ2 (மரபுவழி): குழல் 508, மொத்தம் 1006
- ஏகேஎம் (மரபுவழி): குழல் 415, மொத்தம் 880
- எம்4 (மரபுவழி): குழல் 368, மொத்தம் கட்டையை நீட்டினால் 838, உள்ளே தள்ளினால் ஏறத்தாழ 757
- ஸ்டையர் ஏயுஜி (புல்பப்): குழல் 508, மொத்தம் 790
- எல்85 (புல்பப்): குழல் 518, மொத்தம் 785
- ஃபாமாஸ் எஃப்1 (புல்பப்): குழல் 488, மொத்தம் 757
- எஸ்ஏஆர் 21 (புல்பப்): குழல் 508, மொத்தம் 805

எம்16ஏ2, ஸ்டையர் ஏயுஜி ஆகிய இரண்டின் குழல்களும் ஒரே நீளம் கொண்டவை. ஆயினும் ஏயுஜி 21 சென்டிமீட்டருக்கும் மேல் குட்டையானது. கட்டையை உள்ளே தள்ளிய எம்4 துப்பாக்கியும் பிரான்சின் ஃபாமாஸ் துப்பாக்கியும் மொத்த நீளத்தில் ஏறத்தாழச் சமமானவை. ஆனால் ஃபாமாசின் குழல் 12 சென்டிமீட்டர் கூடுதல் நீளமுடையது. மொத்த நீளத்தில் குழலின் பங்கு எம்16 வகையில் ஏறத்தாழப் பாதியாகவும், புல்பப் வகைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும் உள்ளது.

வரலாறு

தொடக்க முயற்சிகள்

புல்பப் வடிவம் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1901 ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவில் தோர்னிகிராஃப்ட் என்னும் துப்பாக்கி இம்முறையில் உருவாக்கப்பட்டது. கையால் போல்ட்டை இயக்கும் வகையைச் சேர்ந்த இது, அக்காலத்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கியை விட ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் குட்டையாகவும் ஏறத்தாழ 10 விழுக்காடு எடை குறைவாகவும் இருந்தது. எனினும் பின்னுதைப்பு மிகுதி, கையாளச் சிரமம் ஆகிய காரணங்களால் படைத்துறை இதை ஏற்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்தில் கெர்மன் கொரோபோவ் டிகேபி-408 என்னும் புல்பப் துப்பாக்கியை வடிவமைத்தார். சோவியத் படைக்குப் புதிய துப்பாக்கி தேடிய சோதனைகளில் அது வெற்றி பெறவில்லை. அத்தேடலின் முடிவில் ஏற்கப்பட்டது கலாஷ்னிக்கோவின் ஏகே-47 ஆகும்.

இஎம்-2

புல்பப் வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வு பிரித்தானியாவின் இஎம்-2 துப்பாக்கியாகும். போலந்து நாட்டவரான ஸ்டெஃபான் ஜான்சன் தலைமையில் என்ஃபீல்டில் இது வடிவமைக்கப்பட்டது. 623 மில்லிமீட்டர் நீளக் குழல் இருந்தும் இதன் மொத்த நீளம் 889 மில்லிமீட்டர் மட்டுமே. அக்காலத்தில் அரிதான ஒளியியல் குறிநோக்கி இதில் அடிப்படைப் பகுதியாகவே பொருத்தப்பட்டிருந்தது. பழைய தோட்டாக்களை விடச் சிறியதும் பின்னுதைப்புக் குறைந்ததுமான .280 அங்குலத் தோட்டாவை இது பயன்படுத்தியது.

1951 இல் கிளமெண்ட் அட்லியின் அரசு இஎம்-2 ஐ ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. ஆனால் நேட்டோ நாடுகள் அனைத்தும் ஒரே தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும் என்னும் கொள்கை இருந்தது. ஐக்கிய அமெரிக்கா வலிமை மிகுந்த 7.62 மில்லிமீட்டர் தோட்டாவையே வலியுறுத்தியது. அதே ஆண்டில் மீண்டும் ஆட்சிக்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் அரசு இஎம்-2 திட்டத்தைக் கைவிட்டது. பெல்ஜியத்தின் எஃப்ஏஎல் துப்பாக்கி பிரித்தானியப் படைக்கு வந்தது. சிறிய தோட்டாவை மறுத்த ஐக்கிய அமெரிக்கா, 1960களில் அதனினும் சிறிய 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்குத் தானே மாறியது. இஎம்-2 கைவிடப்பட்டதற்குத் தோட்டா பற்றிய அரசியலே காரணம். புல்பப் வடிவம் காரணமன்று.

படைகளில் பரவல்

காலாட்படையினர் கவச ஊர்திகளிலும் உலங்கு வானூர்திகளிலும் செல்வது வழக்கமானபோது, ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கி பெருஞ்சுமையாயிற்று. குறுகிய கதவு வழியே விரைந்து இறங்கவும், உள்ளே நெருக்கமாக அமரவும் குட்டையான துப்பாக்கி தேவைப்பட்டது. நெகிழித் தொழில்நுட்பமும் ஒளியியல் குறிநோக்கிகளும் வளர்ந்தமையும் புல்பப் வடிவத்துக்குத் துணை செய்தன.

ஆஸ்திரியா 1977 இல் ஸ்டையர் ஏயுஜி துப்பாக்கியை எஸ்டிஜி 77 என்னும் பெயரில் ஏற்றது. இதன் உடல் பச்சை நிற நெகிழியால் ஆனது. 1.5 மடங்கு உருப்பெருக்கும் குறிநோக்கி தூக்கும் கைப்பிடியினுள்ளேயே அமைந்திருந்தது. மேகசின் ஒளி ஊடுருவும் நெகிழியால் ஆனதால், எஞ்சியுள்ள தோட்டாக்களை வெளியிலிருந்தே காணலாம். விசையைப் பாதியளவு இழுத்தால் ஒரு குண்டும், முழுதும் இழுத்தால் தொடர்ந்தும் சுடும். ஆத்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து முதலிய நாடுகளும் இதைப் பயன்படுத்தின.

பிரான்சு 1978 இல் ஃபாமாசை ஏற்றது. செயின்ட் எத்தியேன் நகரின் அரசுத் தொழிற்சாலையில் இது தயாரிக்கப்பட்டது. நீண்ட தூக்கும் கைப்பிடியின் தோற்றத்தால் படைவீரர்கள் இதை ஊதுகொம்பு எனப் பொருள்படும் "லெ கிளெரோன்" என்னும் பட்டப்பெயரால் அழைத்தனர். ஐக்கிய இராச்சியம் 1985 இல் எஸ்ஏ80 குடும்பத்தைச் சேர்ந்த எல்85 துப்பாக்கியை வழங்கத் தொடங்கியது. சீனாவின் கியூபிசெட்-95, 1997 இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது அங்கு சென்ற படையினரின் கைகளில் உலகுக்குத் தெரிய வந்தது.

புல்பப் வடிவத்தின் நன்மைகள்

- குட்டை நீளம்: கட்டடங்களின் உள்ளேயும் ஊர்திகளிலும் திரும்புவது எளிது. கதவு, மூலை ஆகியவற்றைக் கடக்கும்போது குழல்வாய் முன்னே நீண்டு தெரிவது குறையும்.

- எப்போதும் சுடும் நிலை: மடிக்கும் கட்டை கொண்ட துப்பாக்கி மடித்திருக்கும்போது குட்டையாக இருந்தாலும், சரியாகக் குறிபார்க்க அதை விரிக்க வேண்டும். புல்பப் துப்பாக்கி எந்நேரமும் ஒரே நீளத்தில் சுடத் தயாராக இருக்கும்.

- எடைப் பங்கீடு: போல்ட், மேகசின் ஆகியவற்றின் எடை உடலை ஒட்டி இருப்பதால் குழல்வாயை விரைவாகத் திருப்ப முடியும். கைப்பிடியைப் பிடித்த ஒரே கையால் துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கதவைத் திறக்கவோ ஏணியைப் பற்றவோ முடியும். முன்புறம் கனத்த மரபுவழித் துப்பாக்கியில் இது கடினம்.

- நேர்கோட்டு உதைப்பு: குழலும் தோளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் பின்னுதைப்பு நேராகத் தோளுக்குச் செல்கின்றது. ஆனால் இந்நன்மை புல்பப்புக்கு மட்டுமே உரியது அன்று. எம்16 துப்பாக்கியும் இதே நேர்கோட்டு அமைப்பைக் கொண்டதே.

- ஒலிக்குறைப்பான்: குழல்வாயில் நீண்ட ஒலிக்குறைப்பானைப் பொருத்தினாலும் மொத்த நீளம் கையாளத்தக்க அளவிலேயே இருக்கும்.

புல்பப் வடிவத்தின் குறைகள்

விசை

மரபுவழித் துப்பாக்கியில் விசைக்கு நேர் மேலேயே சுத்தியலும் அதைப் பிடித்திருக்கும் கொக்கியும் உள்ளன. புல்பப்பில் விசை முன்னேயும் சுத்தியல் பின்னேயும் இருப்பதால், இரண்டையும் ஒரு நீண்ட தண்டு இணைக்க வேண்டும். இத்தண்டு மேகசினைச் சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது. தண்டு சிறிது வளைவதாலும் உராய்வதாலும், சுத்தியல் விடுபடும் கணம் விரலுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. மெதுமெதுப்பான விசை என்று சுடுபவர்கள் குறை கூறுவது இதனையே. அண்மைக்கால வடிவமைப்புகளில் இக்குறை குறைந்துள்ளதாயினும் முற்றிலும் நீங்கவில்லை.

வெற்றுத் தோட்டா உறை

இதுவே புல்பப் வடிவத்தின் மிகப் பெரிய சிக்கல் எனலாம். வெற்று உறைகள் வழக்கமாக வலப்புறமாக எறியப்படுகின்றன. மரபுவழித் துப்பாக்கியில் உறை வெளிவரும் துளை முகத்துக்கு முன்னால் இருப்பதால் இடக்கைப் பழக்கமுடையவரும் இடது தோளிலிருந்து சுடலாம். புல்பப்பில் அத்துளை கன்னத்தின் அருகே உள்ளது. இடது தோளில் வைத்துச் சுட்டால் சூடான உறை சுடுபவரின் முகத்தில் மோதும்.

இது இடக்கையர்களை மட்டும் பாதிக்கும் சிக்கல் அன்று. ஒரு கட்டடத்தின் இடது மூலையிலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டிய வலக்கைப் படைவீரரும் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினால்தான் உடலை மறைத்துக்கொள்ள முடியும். மாற்ற இயலாதபோது அவர் உடலின் பெரும்பகுதியை வெளிக்காட்ட நேரிடுகின்றது. நகர்ப்புறச் சண்டைக்கு ஏற்றது எனப்படும் வடிவம் நகர்ப்புறத்திலேயே இவ்வாறு இடர் தருவது கவனிக்கத்தக்கது. ஐக்கிய இராச்சியத்தின் எல்85 வலது தோளிலிருந்து மட்டுமே சுடத்தக்கது. அந்நாட்டுப் படையில் இடக்கையர்களும் வலது தோளிலேயே சுடப் பயிற்றுவிக்கப்பட்டனர்.

இதற்கு மூன்று வகையான தீர்வுகள் முயலப்பட்டுள்ளன.

- பக்கம் மாற்றுதல்: ஏயுஜி, ஃபாமாஸ், டாவோர் ஆகியவற்றில் சில பகுதிகளை மாற்றிப் பொருத்தினால் உறை இடப்புறம் வெளியேறும். ஆனால் இதைச் சண்டையின் நடுவே செய்ய முடியாது.
- முன்னோக்கி வெளியேற்றுதல்: பெல்ஜியத்தின் எஃப்2000 துப்பாக்கியில் உறைகள் குழலுக்கு இணையாக ஓடும் ஒரு குழாய் வழியே முன்னால் சென்று விழுகின்றன. எந்தத் தோளிலிருந்தும் சுடலாம். ஆனால் இயங்கமைப்பு சிக்கலாகின்றது. சிக்கிய தோட்டாவை எடுப்பதும் கடினமாகின்றது.
- கீழ்நோக்கி வெளியேற்றுதல்: பெல்ஜியத்தின் பி90 என்னும் சிறு சுடுகலனில், 50 தோட்டாக்கள் கொண்ட மேகசின் குழலுக்கு மேலே கிடைமட்டமாக அமைந்துள்ளது. அதனால் அடிப்பகுதி உறைகளை வெளியேற்றக் கிடைக்கின்றது.

மேகசின் மாற்றம்

மரபுவழித் துப்பாக்கியில் மேகசின் கைப்பிடிக்கு முன்னால், பார்வை எல்லைக்குள் உள்ளது. புல்பப்பில் அது அக்குளுக்கு அருகில் உள்ளது. அதை மாற்றும்போது கை உடலை ஒட்டி வளைந்து செல்ல வேண்டும். தரையில் படுத்திருக்கும்போது இது மேலும் கடினம். பயிற்சியினால் வேகம் கூடும் எனினும், இரு வடிவங்களிலும் சமமாகப் பயின்றவர்கள் பொதுவாக மரபுவழி வடிவமே எளிது என்கின்றனர். ஏனைய கட்டுப்பாடுகளுக்கும் இது பொருந்தும். சீனாவின் கியூபிசெட்-95 துப்பாக்கியில் பாதுகாப்புத் திறப்பு கட்டையின் பின்பகுதியில், கட்டைவிரலுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. பின்னர் வந்த 95-1 வகையில் அது கைப்பிடி அருகே கொண்டுவரப்பட்டது.

தோள்கட்டையின் அளவு

மரபுவழித் துப்பாக்கியின் கட்டையை நீட்டவும் குறுக்கவும் முடியும். கை நீளம் குறைந்தவர்களுக்கும், தடித்த மார்புக்கவசம் அணிந்தவர்களுக்கும் இது மிகவும் பயன்படுகின்றது. புல்பப்பில் கட்டையினுள்ளேயே இயங்கு பகுதிகள் இருப்பதால் அதைக் குறுக்க இடமில்லை. குரோவாசியாவின் விஎச்எஸ்-2 போன்ற சிலவற்றில் மட்டுமே சரிசெய்யத்தக்க கட்டை உள்ளது. மார்புக்கவசம் எல்லாப் படைவீரர்களுக்கும் வழக்கமான அணியாக மாறிய பின்னர் இக்குறை பெரிதாக உணரப்பட்டது.

முகத்துக்கு அருகில் வெடிப்பறை

குறைபாடுள்ள தோட்டாவினால் வெடிப்பறை சிதைய நேர்ந்தால், மரபுவழித் துப்பாக்கியில் அது முகத்துக்கு முன்னால் நிகழும். புல்பப்பில் கன்னத்துக்கு நேர் அடியில் நிகழும். சிங்கப்பூரின் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியில் இதன்பொருட்டுக் கன்னம் படும் இடத்தில் கெவ்லார் தகடு பொருத்தப்பட்டது. மிகையழுத்தம் வெளியேற ஒரு துளையும் அமைக்கப்பட்டது. இத்தகைய விபத்து அரிதே. எனினும் குழல்வாய் முகத்துக்குச் சற்று அருகில் இருப்பதால், ஓசையும் வளிமமும் சுடுபவரை ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே தாக்குகின்றன.

குறிநோக்கி

முன், பின் குறிமுனைகளுக்கு இடையிலான தொலைவு கூடும்போது குறிபார்க்கும் பிழை குறையும். குட்டையான புல்பப்பில் இத்தொலைவு குறைவு. இஎம்-2, ஏயுஜி ஆகியவற்றில் தொடக்கத்திலேயே ஒளியியல் குறிநோக்கி பொருத்தப்பட்டது இக்குறையையும் ஈடுசெய்தது. ஒளியியல் குறிநோக்கிகள் எல்லாத் துப்பாக்கிகளிலும் இடம்பெறத் தொடங்கிய பின் இது ஒரு பொருட்டாகக் கருதப்படுவதில்லை.

வடிவத்தின் குறையும் தயாரிப்பின் குறையும்

புல்பப் வடிவத்தைக் குறை கூறுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது எல்85ஏ1 துப்பாக்கியை ஆகும். 1991 வளைகுடாப் போரின்போது பாலைவன மணலில் இது அடிக்கடி சிக்கிக்கொண்டது. மேகசின் தானாகக் கழன்று விழுவதும், பூச்சிவிரட்டி பட்டு நெகிழிப் பகுதிகள் கெடுவதும் முறையிடப்பட்டன. தன் உயிருக்குப் பொறுப்பான கருவியைப் படைவீரர் நம்ப முடியாத நிலை ஏற்பட்டது.

ஆனால் இக்குறைகளுள் எதுவும் மேகசின் விசைக்குப் பின்னால் இருப்பதனால் விளைந்தது அன்று. எல்85 இன் இயங்கமைப்பு மரபுவழி வடிவம் கொண்ட ஏஆர்-18 துப்பாக்கியைப் பின்பற்றியதே. பகுதிகளின் பொருள் தரமும் தயாரிப்புத் துல்லியமுமே குறையாக இருந்தன. 2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹெக்லர் அன்ட் கோக் நிறுவனம் ஏறத்தாழ இரண்டு இலட்சம் துப்பாக்கிகளை 9.2 கோடி பவுண்டு செலவில் மேம்படுத்தியது. போல்ட், சுத்தியல், சுருள்வில்கள், மேகசின் முதலியவை மாற்றப்பட்டன. புல்பப் வடிவம் மாறவில்லை. எல்85ஏ2 எனப் பெயர் பெற்ற இத்துப்பாக்கி ஈராக்கிலும் ஆப்கானித்தானிலும் நம்பகமாக இயங்கியது. ஆயினும் இடது தோளிலிருந்து சுட இயலாமை ஏ2 வகையிலும் தொடர்ந்தது. முன்னவை தயாரிப்பின் குறைகள், பின்னது வடிவத்தின் குறை. இரு வடிவங்களை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்வது தேவையாகும்.

ஒரே துப்பாக்கி இரு வடிவங்களில்

வெவ்வேறு துப்பாக்கிகளை ஒப்பிடும்போது வடிவத்தின் விளைவையும் பிற வேறுபாடுகளையும் பிரித்தறிவது கடினம். போலந்தின் எம்எஸ்பிஎஸ் குரோட் இவ்வகையில் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். ராடோம் நகரத் தொழிற்சாலை பொதுவான மேற்பகுதியைக் கொண்டு இதை மரபுவழி வடிவிலும் புல்பப் வடிவிலும் உருவாக்கியது. போலந்துப் படை 2017 முதல் பெற்றது மரபுவழி வடிவையே ஆகும். புல்பப் வடிவம் முதன்மைத் துப்பாக்கியாக ஏற்கப்படவில்லை.

தொலைதூரத் துப்பாக்கிகளில் இவ்வொப்பீடு வேறு முடிவைத் தருகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் பாரெட் நிறுவனம் .50 அளவுத் தோட்டாவுக்கு எம்82 என்னும் மரபுவழித் துப்பாக்கியையும் எம்95 என்னும் புல்பப் துப்பாக்கியையும் தயாரித்தது. இரண்டின் குழலும் 737 மில்லிமீட்டர் கொண்டவை. எம்82 இன் மொத்த நீளம் 1448 மில்லிமீட்டர்; எம்95 இன் நீளம் 1143 மில்லிமீட்டர். எம்95 கையால் போல்ட்டை இயக்கும் வகை என்பதும் நீளக் குறைவுக்கு ஒரு காரணம். ஓரிடத்தில் படுத்துச் சுடும் இவ்வகைப் பயன்பாட்டில் மேகசினை விரைந்து மாற்றுவதோ தோள் மாற்றுவதோ முக்கியமல்ல. நீண்ட குழலைச் சுமந்து செல்வதே பெரிய இடர். எனவே புல்பப்பின் நன்மை இங்கு மேலோங்குகின்றது.

மரபுவழி வடிவத்துக்குத் திரும்புதல்

2010களில் பல நாடுகள் புல்பப்பைக் கைவிட்டன. நியூசிலாந்து ஏயுஜிக்குப் பதிலாக எம்4 வகையைச் சேர்ந்த எம்ஏஆர்எஸ்-எல் துப்பாக்கியைப் பெற்றது. பிரான்சு 2016 இல் ஃபாமாசுக்கு மாற்றாக ஜெர்மனியின் எச்கே416எஃப் ஐத் தேர்ந்தது. சீனா 2019 அக்டோபர் 1 அணிவகுப்பில் நீட்டிக் குறுக்கும் கட்டை கொண்ட கியூபிசெட்-191 ஐக் காட்சிப்படுத்தியது. ஐக்கிய இராச்சியம் எல்85ஏ3 ஐத் தொடர்ந்து பயன்படுத்தினாலும், ரேஞ்சர் படைப்பிரிவு, அரச கடற்படை வீரர்கள் ஆகியோருக்காக 2023 இல் எல்403ஏ1 என்னும் மரபுவழித் துப்பாக்கியைத் தேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் 6.8 மில்லிமீட்டர் துப்பாக்கிப் போட்டியில் ஆர்எம்277 என்னும் புல்பப் துப்பாக்கியும் கலந்துகொண்டது. 2022 இல் வென்றது சிக் நிறுவனத்தின் மரபுவழி வடிவம்.

இம்மாற்றத்துக்குப் பல காரணங்கள் உள்ளன.

- குட்டைக் குழலிலும் நன்கு செயல்படும் புதிய தோட்டாக்கள் உருவாக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்கப் படை 2010 இல் வழங்கத் தொடங்கிய எம்855ஏ1 இவ்வகையைச் சேர்ந்தது. இதனால் புல்பப்பின் முதன்மை நன்மையின் மதிப்புக் குறைந்தது.
- நீட்டிக் குறுக்கும் கட்டை, இருபுறக் கட்டுப்பாடுகள் ஆகியவை இன்றியமையாதனவாகக் கருதப்பட்டன.
- எம்16, எம்4 குடும்பத்துக்கான உதிரிப் பகுதிகளும் துணைக்கருவிகளும் பல நாடுகளில் பல நிறுவனங்களால் தயாரிக்கப்படுகின்றன. ஃபாமாசைத் தயாரித்த செயின்ட் எத்தியேன் தொழிற்சாலையோ 2000களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது.
- நட்பு நாடுகளுடன் இணைந்து செயல்படும் படைகளுக்கு, பொதுவான கட்டுப்பாடுகள் கொண்ட துப்பாக்கி பயிற்சியை எளிதாக்கியது.

எனினும் புல்பப் வடிவம் மறைந்துவிடவில்லை. ஆஸ்திரியா ஏயுஜியையும், ஆத்திரேலியா அதன் மேம்பட்ட வகையான இஎஃப்88 ஐயும், குரோவாசியா விஎச்எஸ்-2 ஐயும் பயன்படுத்துகின்றன. உக்ரைனில் ஏகே இயங்கமைப்பைக் கொண்டு மாலியுக் என்னும் புல்பப் துப்பாக்கி உருவாக்கப்பட்டது. இசுரேலின் எக்ஸ்95 துப்பாக்கி 330 மில்லிமீட்டர் குழலுடன் 580 மில்லிமீட்டர் மொத்த நீளமே கொண்டது.

சிங்கப்பூரும் இந்தியாவும்

சிங்கப்பூர் 1999 இல் உள்நாட்டிலேயே வடிவமைத்த எஸ்ஏஆர் 21 ஐ அறிமுகப்படுத்தி, எம்16 வகைத் துப்பாக்கிகளுக்கு மாற்றாக வழங்கியது. 1.5 மடங்கு குறிநோக்கியும் லேசர் குறிகாட்டியும் இதில் உள்ளடங்கியுள்ளன. கட்டாயப் படைச் சேவை நடைமுறையில் உள்ள நாடாதலால், அங்குள்ள தமிழர் உட்பட எல்லா இனத்து இளைஞர்களும் இப்புல்பப் துப்பாக்கியில் பயிற்சி பெற்றுள்ளனர்.

இந்தியாவில் சிறப்புப் படைகள் இசுரேலின் டாவோர் துப்பாக்கியைப் பயன்படுத்துகின்றன. காலாட்படையின் முதன்மைத் துப்பாக்கிகள் மரபுவழி வடிவிலேயே இருந்து வந்துள்ளன. திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையிலும் தயாரிக்கப்பட்ட இன்சாஸ், 2019 இல் வாங்க ஒப்பந்தமான சிக்716, உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் தயாரிக்கப்படும் ஏகே-203 ஆகிய மூன்றும் இவ்வகையினவே.

தொகுப்பு

புல்பப் வடிவம் நீளத்தைச் சேமித்து, அதற்கு ஈடாகக் கையாளும் எளிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கின்றது. மரபுவழி வடிவம் எளிய விசை, விரைவான மேகசின் மாற்றம், இரு தோள்களிலும் சுடும் வசதி, சரிசெய்யத்தக்க கட்டை ஆகியவற்றைத் தந்து, நீளத்தையோ குழலின் ஒரு பகுதியையோ இழக்கின்றது. நீண்ட குழலும் குட்டை உடலும் ஒருசேரத் தேவைப்படும் இடத்தில் புல்பப்புக்கு நிகரான மாற்று இல்லை. குட்டைக் குழலே போதுமானது எனக் கருதப்படும் இடத்தில் மரபுவழி வடிவத்தின் நன்மைகள் மேலோங்குகின்றன. எனவே ஒரு படை எவ்வடிவத்தைத் தேர்கின்றது என்பது, அப்படை எத்தகைய இடங்களில் எத்தகைய தோட்டாவைக் கொண்டு போரிட எண்ணுகின்றது என்பதைப் பொறுத்தே அமைகின்றது.